கீழே தள்ளினால் பூட்டு

"விசாரணைய நிறுத்திடுங்க மேடம். இனிமே தேவையில்ல" என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா கைப்பையை மேஜைமேல் வைத்தார்.

வைத்த சத்தம் கைப்பைச் சத்தமாக இல்லை. சீப்பும் கைக்குட்டையும் இருக்கிற பை 'சொத்'தென்று உட்காரும். இது 'ணங்' என்றது.

எனக்குப் பஞ்சர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, பதினாறு வருஷம் பஞ்சர் ஒட்டிப் பிழைத்ததால் ஒட்டிக்கொண்டது. இப்போது துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர், டிரைவர், கதவு திறக்கிறவர், திட்டு வாங்குகிறவர் எல்லாம் நானே. என் முதலாளியை எல்லோரும் 'ஸ்டெனோ மேடம்' என்பார்கள். இருபத்தெட்டு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். பொய் சொல்கிறவன் எந்த வார்த்தையில் மூச்சு வாங்குவான் என்பதைக் காதாலேயே படித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் இந்தத் தொழிலில் இறங்கிவிட்டார். அவர் கையில் நோட்டும் பென்சிலும் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

அந்தம்மா ஒரு துப்பாக்கி ரிப்பேர்காரரின் மனைவி. அவருடைய கணவர் மூன்று மாதத்துக்கு முன்னால், வேலை முடிந்து கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நடந்துபோகும்போது சுடப்பட்டார். தோட்டா உடம்பைத் துளைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் உயிர் இருந்தது. 'நாட்டுத் துப்பாக்கியால் சுட்டான்' என்று அவர் சொன்னதாகப் போலீஸ் எழுதி வைத்தது. லைசென்ஸ் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி செய்கிற ஒரு பட்டறைக்காரன்மேல் ரிப்பேர்காரர் முன்பே புகார் கொடுத்திருந்தார். போலீஸ் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு அவனை உள்ளே வைத்தது. ஆனால் சுட்ட துப்பாக்கி கிடைக்கவில்லை. அதனால் இன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் ஜாமீனில் வெளியே வருகிறான்.

அந்தத் துப்பாக்கியைத் தேடத்தான் அந்தம்மா எங்களிடம் வந்திருந்தார். பத்து நாள் அலைந்ததில் என் செருப்பு தேய்ந்ததுதான் கண்ட பலன்.

"நிறுத்திட்டு என்ன செய்யப் போறீங்க?" என்றார் ஸ்டெனோ.

"பன்னெண்டு மணிக்கு ஜெயில் வாசல்ல நிப்பேன். அவன் வெளிய வருவான். அவ்வளவுதான்."

ஒளிவுமறைவே இல்லை. கண்ணில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. மூன்று மாதம் அழுது தீர்த்துவிட்டு, இப்போது பழி தீர்க்க வந்து நிற்கிற முகம். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"காட்டுங்க" என்றார் ஸ்டெனோ.

பையிலிருந்து ஒரு பிஸ்டல் வெளியே வந்தது. கைக்கு அடக்கமாக, கறுப்பாக, பளபளப்பாக. பக்கவாட்டில் இரட்டை வாள் முத்திரை. அது பெயர்பெற்ற வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரை என்பது எனக்கே தெரியும்.

"யார் குடுத்தது?"

"எங்க அண்ணன். அவர் கடையிலதான என் வீட்டுக்காரர் வேல பாத்தார். அசல் ஃபாரின். 'உன் புருஷனுக்கு இதையாவது செய்யி'ன்னு சொல்லிக் குடுத்தார்."

"சுடத் தெரியுமா?"

"ரெண்டு நாள் பக்கத்துல நின்னு பழக்கினார். இந்தக் கொண்டியக் கீழ தள்ளினா பூட்டு, சுடாது. மேல தள்ளினா சுடும். அவன் வாசல் தாண்டினதும் மேல தள்ளணும்." சொல்லும்போதே கட்டைவிரல் கொண்டியைத் தடவிக்காட்டியது.

குழல் பார்த்த திசையிலிருந்து நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டேன். கோழை என்று நினைக்க வேண்டாம். ஓட்டை அடைக்கிறது என் தொழில். என்மேல் ஓட்டை விழுந்தால் அடைக்க இன்னொரு ஆள் கிடைக்கமாட்டான்.

ஸ்டெனோ அந்தம்மா சொன்னதை அப்படியே நோட்டில் கிறுக்கினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "பன்னெண்டு மணிக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் எங்கூட வாங்க. அதுக்கப்புறமும் இதே முடிவுல இருந்தா, நானே உங்கள ஜெயில் வாசல்ல இறக்கிவிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் முதலாளியம்மா சத்தியம் செய்யும்போது குறுக்கே பேசினால் எனக்குத்தான் வேலை போகும்.

கார் கிளம்பியதும் அந்தம்மா பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஸ்டெனோ என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பஞ்சர், உன்ன ஒரு லாரி இடிச்சிடுது. யார் இடிச்சாங்கன்னு கேக்கறாங்க. 'ரப்பர் டயரால இடிச்சான்'னு சொல்லுவியா?"

"நம்பர் சொல்லுவேன் மேடம். நம்பர் தெரியலன்னா டிரைவர நாலு வார்த்த திட்டுவேன்."

"அப்போ இந்த மனுஷன் மட்டும் ஏன் யாருன்னு சொல்லாம எதாலன்னு சொன்னார்?"

ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினேன்.

அவசரப் பிரிவில் அன்றைக்கு வேலையில் இருந்த நர்ஸ், மருந்துத் தட்டில் ஊசிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். "அதான் போலீஸ்ல சொல்லிட்டேனே" என்றார் தலை நிமிராமல்.

"அவங்க எழுதினது எங்கிட்ட இருக்கு. அவர் சொன்னத மட்டும் சொல்லுங்க. திருத்தாம, சேக்காம."

நர்ஸ் கையை நிறுத்தி யோசித்தார். "யாரு சுட்டதுன்னு கான்ஸ்டபிள் கேட்டார். 'மச்சான்... அது நாட்டுத் துப்பாக்கி'ன்னார். மறுபடியும் கேட்டாங்க. மறுபடியும் அதேதான். மச்சான், அது நாட்டுத் துப்பாக்கி."

"மச்சானா?"

"கான்ஸ்டபிளத்தான் அப்படிக் கூப்பிட்டார். வலியில யாரு எவருன்னு தெரியுமா? கான்ஸ்டபிளுக்கு அதுல மூஞ்சி சுருங்கிப்போச்சு. அத விட்டுட்டு மிச்சத்த எழுதிக்கிட்டார்."

"நாட்டுத் துப்பாக்கியால சுட்டான்னு சொன்னாரா?"

"இல்லியே. அது நாட்டுத் துப்பாக்கின்னுதான் சொன்னார். 'சுட்டான்'ங்கற வார்த்தையே அவர் வாயில வரல."

திரும்பும்போது வாசலை அடைத்து நின்ற காவலாளியிடம், "கொஞ்சம் வழி விடு மச்சான்" என்றேன்.

ஸ்டெனோ சட்டென்று நின்றார். "அவர் உனக்கு என்ன உறவு?"

"ஒரு உறவும் இல்ல மேடம். சும்மா ஒரு பாசம்."

"உன்ன மாதிரி ஆளுங்க கண்டவனையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அந்த வார்த்தைக்கு மதிப்பே இல்லாமப் போச்சு" என்றார். ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்தது சுடும் பயிற்சித் திடல். காரை விட்டு இறங்குமுன் ஸ்டெனோ பின் சீட்டுப் பக்கம் கையை நீட்டினார். "அதக் குடுங்க. சரியா வேல செய்யுதான்னு தெரிஞ்சவர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன். வாசல்ல நின்னு அழுத்தும்போது மக்கர் பண்ணினா என்ன செய்வீங்க?"

அந்தம்மா ஒரு நிமிஷம் தயங்கினார். நியாயமான கேள்வி என்று பட்டிருக்க வேண்டும். கொடுத்தார்.

திடலின் கடைசியில் தோட்டாவைத் தடுக்க லாரி டயர்களை அடுக்கி மண் நிரப்பி வைத்திருந்தார்கள். அத்தனை டயர்களில் அத்தனை ஓட்டைகளைப் பார்க்க என் மனசு தாங்கவில்லை. பயிற்சி தருகிற வாத்தியார் காதுக் கவசத்தைக் கழுத்தில் இறக்கிவிட்டு, ஸ்டெனோ கேட்டபடி இரண்டு பிஸ்டல்களைக் கம்பளித் துணிமேல் வைத்தார். இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தன. அந்தம்மாவின் பிஸ்டலும் அதே ஜாதிதான்.

"இதுக்கு எங்க தொழில்ல குட்டைன்னு பேர்" என்றார் வாத்தியார். "ஒரே மாடல், ஒரே வரைபடம். இரட்டை வாள் போட்டது கப்பல்ல வந்தது. நட்சத்திரம் போட்டது உரிமம் வாங்கி இங்கயே செய்யறது. அத ஃபாரின்னுவோம். இத நாட்டுன்னுவோம்."

ஸ்டெனோவின் பென்சில் நின்றது. "நாட்டுத் துப்பாக்கின்னா, திருட்டுத்தனமா பட்டறையில செய்யறது இல்லயா?"

"அது ஊர் பேசற பேச்சு. லைசென்ஸ் வச்சுத் தொழில் பண்றவன் அந்தக் குழாய்க்குத் துப்பாக்கின்னே பேர் வைக்க மாட்டான். எங்களுக்கு நாட்டுத் துப்பாக்கின்னா உள்நாட்டுக் குட்டை, அவ்வளவுதான். நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி சொல்றதில்லயா, அப்படி."

"கோழியில நாட்டுக்குத்தான விலை ஜாஸ்தி" என்றேன்.

"இங்க தலைகீழ். ஃபாரினுக்கு மூணு மடங்கு."

"அவ்வளவு ஒசத்தியா?" என்றார் ஸ்டெனோ.

வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். "நாட்டோட விசை மொதல்ல கொஞ்சம் முரடு. நூறு தடவ அழுத்தினா பழகிடும். ஃபாரினோட விசை வழுக்கிட்டுப் போகும், ஆனா வேர்வை பட்டா மேல்பூச்சு உரியும். நாட்டு உரியாது. இருபது அடியில ரெண்டும் ஒரே எடத்துலதான் ஓட்டை போடும். சனங்க முத்திரைக்குத்தான் விலை குடுக்கறாங்க."

"முத்திரைய மறைச்சுட்டா வித்தியாசம் தெரியுமா?"

"கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலுக்குத் தெரியும். ஃபாரின்ல கொண்டிய மேல தள்ளினா பூட்டு, கீழ தள்ளினா சுடும். நாட்டு அப்படியே எதிர். மொதல்ல இத வாங்கினவங்க பழைய பிஸ்டல்ல பழகினவங்க. அவங்க கை பழக்கத்துக்காகத் திருப்பிப் போட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அப்படியே வருது. உள்ள இருக்கற பாகமே வேற, மாத்தவும் முடியாது."

ஸ்டெனோ நோட்டில் பின்பக்கம் புரட்டி, காலையில் எழுதியதை வாசித்தார். "'இந்தக் கொண்டியக் கீழ தள்ளினா பூட்டு, சுடாது.'" பிறகு அந்தம்மாவின் பிஸ்டலை நீட்டினார். "இரட்டை வாள் போட்டிருக்கு. பாருங்க."

வாத்தியார் முதலில் தோட்டாக்களை உருவி மேஜையில் வைத்தார். ஏழு இருந்தன. கொண்டியைக் கீழே தள்ளி விசையை அழுத்தினார். அசையவில்லை. மேலே தள்ளினார். 'டிக்' என்றது. முத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்.

"நாட்டு. நட்சத்திரத்த ராவி எடுத்துட்டு மேல வாள் அடிச்சிருக்கான்."

"செத்துப்போன ரிப்பேர்காரர் கையில இது கிடைச்சிருந்தா?"

"கழட்டின அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பார். அதுவும் அவரு. மூணு வருஷமா நாட்டே விக்காம, ஃபாரின் மட்டும் விக்கற கடை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அவர் வேல பாத்த கடை."

ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிய திட்டுக்கு அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. சாகக் கிடந்த மனுஷன் யாரையும் பாசத்தில் கூப்பிடவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

"முத்திரையில பொய் சொல்லலாம் பஞ்சர்" என்றார் ஸ்டெனோ. "சுடச் சொல்லிக் குடுக்கும்போது நெஜத்தத்தான் சொல்லணும். இல்லன்னா சுடாது." ஏழு தோட்டாக்களையும் அள்ளி என் சட்டைப் பையில் போட்டார். "இது அந்தம்மாவுக்குத் தெரியக்கூடாது." வாத்தியாரையும் கூட வரச் சொன்னார். இந்த வழக்கைப் பார்த்த இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, "நீங்க எழுதின வாக்குமூலத்துல ஒரு பிழை இருக்கு, கடைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

காருக்கு வந்ததும் பிஸ்டலை அந்தம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பஞ்சர், டயர்ல காத்து இருக்கான்னு பாரு" என்றார். காற்று இருந்தது. இருந்தாலும் நாலு டயரையும் இரண்டு சுற்று பார்த்தேன். கண்ணாடி வழியே ஸ்டெனோ பேசுவது தெரிந்தது. அந்தம்மா கத்தவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தார். விரல்நுனி வெளுத்துவிட்டது.

துப்பாக்கிக் கடையில் எண்ணெய் வாடையும் புதுத் தோல் வாடையும் கலந்து அடித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பிஸ்டல்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பின்னறையில் ரிப்பேர் மேஜை துடைத்துக் காலியாகக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் எங்களுக்கு முன்பே வந்து, கோபமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் தங்கையைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று பத்து. "பாப்பா, நீ இங்க என்ன பண்ற?"

"நாங்கதான் கூட்டிட்டு வந்தோம்" என்றார் ஸ்டெனோ. "எங்க பஞ்சருக்கு ஒரு குட்டை வாங்கணுமாம்."

"ஆமாங்க. முதலாளித் தொல்லை தாங்கல" என்றேன்.

வியாபாரி வியாபாரிதான். இரட்டை வாள் பிஸ்டல் ஒன்றை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். "நம்மகிட்ட எல்லாம் அசல் ஃபாரின். நாட்ட நான் கையாலயும் தொடறதில்ல."

"பூட்டறது எப்படி?" என்று ஸ்டெனோ கேட்டார்.

கடைக்காரர் வாத்தியாரை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஃபாரின்ல கொண்டி மேல இருந்தா பூட்டு. கீழ இருந்தா சுடும். இது யாருக்குத்தான் தெரியாது?" சொன்னாரே தவிர, கொண்டியில் விரல் வைக்கவில்லை. ஸ்டெனோவின் பென்சில் ஓடியது.

"அண்ணா" என்றார் அந்தம்மா.

திரும்பினோம். இரண்டு கையாலும் பிஸ்டலைப் பிடித்து அண்ணன் நெஞ்சுக்கு நேராக நீட்டியிருந்தார். இரட்டை வாள் மின்னியது. கொண்டி கீழே இருந்தது.

இன்ஸ்பெக்டர் இரும்பு அலமாரிக்குப் பின்னால் பாய்ந்தார். வாத்தியார் தரையில் குப்புற விழுந்தார். ஏழு தோட்டாவும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அப்படியும் மேஜைக்கு அடியில் முதலில் நுழைந்தது நான்தான். நின்றுகொண்டிருந்தது ஸ்டெனோவும் கடைக்காரரும் மட்டுமே.

கடைக்காரர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "எந்திரிங்க சார், பயப்படாதீங்க. கொண்டி கீழதான் இருக்கு. பூட்டியிருக்கு, சுடாது. பாப்பா, வெளையாடாம அதக் குடு."

ஸ்டெனோ நோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார்.

"'ஃபாரின்ல கொண்டி மேல இருந்தா பூட்டு. கீழ இருந்தா சுடும்.' நீங்க முன்னாடி சொன்னது. 'கொண்டி கீழதான் இருக்கு. பூட்டியிருக்கு, சுடாது.' இப்போ சொன்னது. தங்கச்சி கையில இருக்கறதும் இரட்டை வாள்தான். அது நாட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்ஸ்பெக்டர், யாரு சுட்டதுன்னு உங்க ஆள் கேட்டார். 'மச்சான்'னு பதில் வந்துச்சு. எதுக்குங்கறதையும் சேத்தே சொன்னார், 'அது நாட்டுத் துப்பாக்கி'ன்னு. உங்க கான்ஸ்டபிள் மொத வார்த்தைய மரியாதக் குறைவுன்னு விட்டுட்டார். மிச்சத்துல ஒரு 'யால்' சேத்து, ஒரு 'சுட்டான்' ஒட்டிட்டார். அதுக்கு ஒருத்தன் மூணு மாசம் உள்ள கிடக்கறான்."

"மச்சான்னு யார வேணும்னாலும் கூப்பிடுவாங்க" என்றார் கடைக்காரர். குரல் தேய்ந்திருந்தது.

"அவர் கூப்பிட மாட்டார்" என்றார் அந்தம்மா. "எனக்குக் கூடப்பொறந்தது நீங்க ஒருத்தர்தான். அந்த வார்த்தைய அவர் உங்களுக்குன்னே வச்சிருந்தார்."

கட்டைவிரல் கொண்டியை மேலே தள்ளியது. சின்னச் சத்தம்தான். அதைக் கேட்டதும் கடைக்காரரின் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் நகர்ந்து சுவரில் முட்டி, அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"வேணாம் பாப்பா. அது சுடும். வேணாம். போலீசுக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னான். இத்தன வருஷக் கடை. சந்துல வச்சுக் கெஞ்சித்தான் பாத்தேன். கேக்கவே இல்ல. வேணும்னு சுடல பாப்பா."

இன்ஸ்பெக்டர் அலமாரிக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றுவிட்டார். காதில் விழுந்ததை அவர் முகமே சொன்னது.

"சரி" என்றார் அந்தம்மா. குரல் நடுங்கவே இல்லை. "அப்புறம் எதுக்கு இத எங்கிட்ட குடுத்தீங்க? அந்த ஆளும் செத்திருப்பான். நானும் தூக்குல தொங்கியிருப்பேன். உங்க கடை மட்டும் தெறந்திருக்கும். அதுக்குத்தான ரெண்டு நாள் பக்கத்துல நின்னு பழக்கினீங்க?"

அண்ணன் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

வேண்டியது கிடைத்துவிட்டது, இனிக் கையை இறக்கிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒரு அடி முன்னால் போய், அண்ணன் சொல்லிக் கொடுத்தபடியே மூச்சைப் பிடித்து, விசையை அழுத்தினார்.

'டிக்.'

இன்னொரு தடவை. 'டிக்.' மூன்றாவது தடவை அழுத்தும்போதுதான் இன்ஸ்பெக்டர் பாய்ந்து கையைப் பிடித்தார். கடைக்காரர் கண்ணை இறுக மூடி, பல் கிட்டிக் கிடந்தார். அவரைத் தூக்கி நிறுத்த, வெளியே இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் இருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் வர வேண்டியிருந்தது. பின்னறை அலமாரியைத் திறந்ததும், இரட்டை வாள் அடிக்கிற அச்சும் ராவிய அரமும் ஒரு துணிப்பையில் கிடைத்தன. "ஜெயிலுக்குப் போன் போடணும். அந்தப் பட்டறைக்காரன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல" என்று இன்ஸ்பெக்டர் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

அந்தம்மா கண்ணாடிப் பெட்டியைப் பிடித்தபடி நின்றார். அண்ணனைக் கடை வாசல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போகும்வரை பார்வையை எடுக்கவில்லை. பிறகு ஸ்டெனோவைப் பார்த்தார்.

"குண்ட எடுத்தது நீங்களா?"

"நான்தான்."

"எத்தன இருந்துச்சு?"

"ஏழு."

"ஒண்ணாவது விட்டு வச்சிருக்கலாமே மேடம்."

ஸ்டெனோ நோட்டை மூடினார். இன்ஸ்பெக்டர் காதில் விழாதபடி, பக்கத்தில் போய்ச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் எனக்கும் அப்படித்தாம்மா தோணுச்சு."